சைக்கிள் கம்பித் திருப்புளி

கை மரத்துப்போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். செஞ்சி அமீர் ஜானுக்கு வந்தது இரண்டாவது. அதை முதலாவது என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டு வருஷத்தை ஓட்டினார். ஊரும் நம்பியது. நம்பும்படியான தொழில் அவருக்கு.

மரம் அறுக்கும் மிஷின் ரம்பங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பெட்ரோலில் ஓடுகிற, செயின் போட்ட ரம்பம். எண்பதுகளில் செஞ்சித் தாலுகாவில் அந்த ரம்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனையும் கிழடு. குடகுக் காப்பித் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்து, பழைய இரும்போடு இரும்பாக வந்தவை. செய்த கம்பெனியே அவற்றுக்கு உதிரிப்பாகம் போடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருக்கும். அமீர் ஜானும் குடகிலிருந்து வந்தவர்தான். லாரி கிளீனராகப் போய், தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஒதுங்கி, தொழில் பழகி, கோணிப்பையில் இரண்டு உடைசல் ரம்பத்தோடு ஊர் திரும்பினார். திருவண்ணாமலை ரோட்டில் மரவாடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டார். அவர் ஒரு ரம்பத்தை முறுக்கிச் சோதித்தால் சத்தம் ராஜகிரிக் கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "பாய் கடை தொறந்துட்டாரு" என்பார்கள்.

ரம்பத்தின் உயிர் கார்புரேட்டரில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஈயக்கட்டி போன்ற சாமான். உள்ளே வெங்காயத் தோல் மாதிரி ஒரு ரப்பர் சவ்வு. அது பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். சவ்வு விறைத்துப் போயிருந்தால் அமீர் ஜான் மெல்லிய ரப்பர் துணியில் புதிதாக வெட்டிப் போடுவார். பெட்ரோல் வழியில் வாய் வைத்து ஊதி, காற்று கசிகிறதா என்று உதட்டால் பார்ப்பார். கடைசி வேலை ஊசிகள். வெளியே இரண்டு திருகாணி தெரியும். அவற்றின் முனைதான் ஊசி. ஒன்று ரேஸ் ஊசி, முழு வேகத்துக்கு. மற்றது ஸ்லோ ஊசி, ரம்பம் சும்மா நிற்கும்போது அணையாமல் மெதுவாக ஓடுவதற்கு. மெதுவாக ஓடும்போது செயின் சுற்றாது, வேகம் கூடினால்தான் சுற்றும். ஊசியை உள்ளே திருக வேண்டும். அது அடியில் போய்த் தொட்டதும் நிறுத்த வேண்டும். அங்கிருந்து ஒரு சுற்று திருப்பி விட வேண்டும். தொட்டதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும்தான் தெரியும். தொட்ட பிறகும் திருகினால் பித்தளை ஊசியின் முனையில் வளையம் விழுந்துவிடும். அதன்பிறகு எப்படி வைத்தாலும் ஓட்டம் ஒரு நிலையில் நிற்காது.

சாயங்காலம் மரம் அறுத்துவிட்டு வருகிறவர்கள் கொட்டகையில் ரம்பத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறுவார்கள். பழைய ரம்பம் உடம்பையே ஆட்டி வைக்கும். துரைக்கண்ணு என்று ஒருவன், அந்தப் பக்கத்தில் கெட்டிக்கார அறுப்புக்காரன். அவன் விரல்கள் சில நாள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும்.

"பாய், என் கை செத்துப்போச்சு. ஜனாசா தொழுகை வெச்சுடு" என்பான்.

"ஒனக்கு எதுக்குடா தொழுகை. ஒம் பொண்டாட்டி காத்தாயி ஒப்பாரி வெப்பா, போ."

"அவ எங்க வெக்கப்போறா? சனியன் தொலைஞ்சிதுன்னு கோழி அடிப்பா."

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவன் கைக்கு ரத்தம் திரும்பிவிடும். அமீர் ஜானும் தன் வலது கையை உதறுவார். "எனக்கும் அப்படித்தான். ரம்பத்தோட அதிர்ச்சி" என்பார். ஆனால் அவர் நாள் முழுக்க ரம்பம் பிடிப்பவர் இல்லை. சோதித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிப்பார், அவ்வளவுதான். சுண்டுவிரலில் ஆரம்பித்த மரமரப்பு பக்கத்து விரலுக்கு வந்தது, பிறகு கட்டைவிரல் வரை வந்தது. டீ குடித்தாலும் போகவில்லை, தூங்கி எழுந்தாலும் போகவில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் கையை மட்டும் உதறிக்கொண்டிருந்தார்.

முழங்கைக்கு மேலே வெளிறிப்போன ஒரு திட்டும் இருந்தது. மனைவி ஹபீபா அதைத் தேமல் என்று பூவரசங்காயை இழைத்துத் தடவினாள். அந்த இடத்தில் எறும்பு கடித்து அவள் தட்டிவிட்டபோது, "எங்க எறும்பு?" என்று கேட்டவர் அவர். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொழுநோய் ஊழியர் கோதண்டராமன் வீடு வீடாக வருகிறவர். ஊரில் அவருக்குப் பெயர் தேமல் சார். அவர் சைக்கிள் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டுப் பெயர் தெருக்கோடிவரை போகும். அதனால் அவர் தெருவுக்குள் திரும்பும்போதே பல ஆண்கள் பின்வாசல் வழியாக வேலைக்குப் போய்விடுவார்கள். அமீர் ஜானும் அப்படித்தான் போனார், ஒவ்வொரு வருஷமும். குஷ்டம் என்ற சொல்லை அவர் மனசுக்குள்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் யார் அவர் கையில் ரம்பத்தைக் கொடுப்பார்கள்? கை போனாலும் தொழில் போச்சு, கையைக் காட்டினாலும் தொழில் போச்சு. இதுதான் அவர் கணக்கு.

அதற்குள் கடைக்கு வந்த ரம்பங்கள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தன. சூடேறினால் தானாக வேகம் கூடுகிறது, வேக விசையிலிருந்து விரலை விட்டாலும் செயின் நிற்கவில்லை என்றார்கள். மரக் காண்டிராக்டர் ராஜாங்கம் வாய் நீளமான ஆள்.

"இன்னா பாய், முன்னெல்லாம் நீ கைய வெச்சா வருஷம் ஓடும். இப்ப வாசல் தாண்டறதுக்குள்ள மக்கர் பண்ணுது. கண்ணாடி கிண்ணாடி போட்டுக்கயேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. ஒன் பெட்ரோல்ல தண்ணி."

"ஆமா, என் பெட்ரோல்ல தண்ணி, ஒன் டீயில பாலு" என்று ராஜாங்கம் சிரித்தார். அமீர் ஜான் சிரிக்கவில்லை.

எண்பத்தேழில் கோடைக்கு முன்னால், திண்டிவனம் ரோட்டை அகலப்படுத்துவதற்காகச் சாலையோரப் புளியமரங்களை ஏலம் விட்டார்கள். ராஜாங்கம் எடுத்தார். அவரிடம் இருந்தது மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பழைய ரம்பம். எல்லோரும் அதை மஞ்சக்காரி என்பார்கள். வேலை தொடங்கிய மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார்: செயின் நிற்க மாட்டேன் என்கிறது, பாய் உடனே வரவேண்டும்.

அமீர் ஜான் போய் இறங்கியபோது மரங்களில் பாதி படுத்துவிட்டிருந்தது. வரிசையில் தூரத்தில் நின்ற ஒரு மரத்தடியில் கொஞ்சம் பேர் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு மர ஸ்டூல், அதன்மேல் மாத்திரை டப்பா, பக்கத்தில் சாய்த்து வைத்த சைக்கிள். தேமல் சாருக்கு மாசம் ஒருமுறை அந்த மரத்தடிதான் ஆஸ்பத்திரி. ஊருக்குள் இடம் கொடுப்பார் இல்லை.

"அந்த மரத்த மட்டும் மத்தியானம் வரைக்கும் உடுங்கன்னு கேட்டாரு. சரின்னுட்டேன்" என்றார் ராஜாங்கம். "அடுத்த மாசம் எங்க குந்துவாங்களோ தெரியல."

அமீர் ஜான் அந்த மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மஞ்சக்காரியின் ஸ்லோ ஊசியை உள்ளே திருகினார். தொட்டமாதிரி தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். அப்போதும் தெரியவில்லை. அழுத்தி ஒரு திருகு திருகிவிட்டு, ஒரு சுற்று திருப்பி விட்டார். கயிற்றை இழுத்துக் கிளப்பினார். ரம்பம் மெதுவாக ஓடியது, செயின் அசையாமல் நின்றது.

"அவ்ளோதான்டா துரைக்கண்ணு. பூ மாதிரி நிக்குது பார்."

"நீ சொன்னா சரி பாய்" என்று துரைக்கண்ணு ரம்பத்தை வாங்கிக்கொண்டு, விழுந்து கிடந்த ஒரு கிளையின் இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றான்.

அவன் நன்றாகத்தான் அறுத்தான். ரம்பம் சூடேறியது. ஒரு துண்டு விழுந்ததும், எப்போதும் செய்வதுபோல விரலை விட்டுவிட்டு ரம்பத்தைத் தொடைப்பக்கம் தாழ்த்தினான். விரலை விட்டாலே செயின் நின்றுவிடும் என்று பழகிய உடம்பு. அன்றைக்குச் செயின் நிற்கவில்லை. முழங்காலுக்கு மேலே வேட்டியோடு சேர்த்து இழுத்துவிட்டது.

அமீர் ஜான்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். மஞ்சக்காரியின் நிறுத்துகிற பொத்தான் எப்போதோ செத்துப்போயிருந்தது. வலது கையால் ரம்பத்தைப் பிடித்துத் தூக்கி, இடது கையால் காற்று வழியை அடைத்து அணைத்தார். அதற்குள் கோதண்டராமன் ஓடி வந்துவிட்டார். அலறிக்கொண்டு நின்றவர்களை விலக்கி, துரைக்கண்ணுவைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தன் பையில் இருந்த பஞ்சையும் துணியையும் வெட்டில் திணித்தார்.

"பாய், கைய வெச்சு அழுத்து. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத. தொறந்து தொறந்து பாக்காத."

லாரியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அமீர் ஜான் கையை எடுக்கவில்லை. துரைக்கண்ணு, "கால் இருக்குதா பாய்? இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "இருக்குதுடா, கம்முனு வா" என்றார் அவர்.

துரைக்கண்ணுவை டாக்டரிடம் உள்ளே தூக்கிப் போனார்கள். வெளியே குழாயடியில், லாரியில் கூடவே வந்திருந்த கோதண்டராமன் கை கழுவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்.

"பாய், ரம்பத்த எங்க பிடிச்சீங்க?"

"எங்கயோ பிடிச்சேன். யாருக்கு ஞாபகம்."

"சைலன்சர்ல பிடிச்சீங்க. உள்ளங்கையப் பாருங்க."

அமீர் ஜான் பார்த்தார். தோல் வெந்து, வெள்ளையாகச் சுருண்டு தொங்கியது. அந்தக் கையால்தான் அவ்வளவு தூரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றார் அமீர் ஜான்.

"கண்ண மூடுங்க." கோதண்டராமன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் எங்க தொடறேன்னு இடது கையால காட்டுங்க."

அமீர் ஜான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில், "தொடுங்க சார், எவ்ளோ நேரம்?" என்றார்.

"தொட்டு முடிச்சிட்டேன் பாய்."

முழங்கையின் உள்பக்கத்தை அவர் அழுத்தியபோது அங்கே நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. திட்டையும் பார்த்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "புதுசா மாத்திர வந்திருக்குது. மாசம் ஒரு வேள என் எதிர்ல முழுங்கணும், மத்தது வீட்ல. ரெண்டு வருஷம். அன்னிக்கி ஒண்ணுக்கு செவப்பா போவும், பயப்படக் கூடாது. நோய் நிக்கும், அடுத்தவங்களுக்குப் பரவாது. போன உணர்ச்சி முழுசா வரும்னு மட்டும் நான் வாக்கு குடுக்கமாட்டேன்."

"ரம்பத்தோட அதிர்ச்சின்னு நெனச்சேன் சார்."

"நெசமாவே அப்படியா நெனச்சீங்க?"

அமீர் ஜான் வெந்த கையை நீட்டினார். கோதண்டராமன் கட்டுப் போட்டுவிட்டார். "இனிமே தெனம் சாயங்காலம் கைய வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. வெரலுக்குத் தெரியாதத கண்ணுதான் பாத்துக்கணும்."

வீட்டில் ஹபீபாவிடம் சொன்னார். அன்றைக்கு அவர் தட்டை எடுத்துத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாரம் கழித்து, கட்டு மாற்ற வழி காட்டுவதற்காகக் கோதண்டராமன் சைக்கிளை வேறெங்கோ விட்டுவிட்டு நடந்து வந்தார். வந்தவர், தண்ணீர் கேட்டு அந்தத் தட்டுக்குப் பக்கத்திலிருந்த அமீர் ஜானின் டம்ளரிலேயே குடித்தார். மறுநாள் தட்டு மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது. ஆனால் மகள் முன்னிக்கு வரன் பேசிக்கொண்டிருந்த மேல்மலையனூர்ப் பக்கத்து உறவினரிடம் ஹபீபா இதைப்பற்றி மூச்சு விடவில்லை. அவரையும் சொல்லவிடவில்லை.

"இன்னாங்க, மாத்திர முழுங்குங்க. வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

வாயைத் திறக்காமல் இருக்க முடியாதபடி ஒன்று நடந்தது. துரைக்கண்ணு பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். கால் தப்பியது, முழங்கால் மடங்கவில்லை. ஊரில் ராஜாங்கம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "காலங்காத்தால சாராயம். தள்ளாடிக்கினு ரம்பத்தப் பிடிச்சா வேற இன்னா ஆவும்?" துரைக்கண்ணு குடிப்பவன்தான். அன்றைக்குக் குடிக்கவில்லை. அவன் வாயருகே முகம் வைத்து லாரியில் வந்த அமீர் ஜானுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் குடித்துவிட்டு ரம்பம் பிடித்தான் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் எந்தக் காண்டிராக்டரும் அவனை மரத்தடிக்கு விடமாட்டார்.

மஞ்சக்காரி கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கட்டுப் போட்ட கையோடு, இடது கையால் கார்புரேட்டரைக் கழற்றினார். ஸ்லோ ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முனையைச் சுற்றி வளையம், அழுத்தமாக, மோதிரம் போட்டமாதிரி. கொட்டகையில் இருந்த மற்ற ரம்பங்களின் ஊசிகளையும் எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் அதே வளையம். பெட்ரோலில் தண்ணீர் இல்லை. எல்லாம் அவர் விரல்.

அந்த ஊசிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பல நாள் திரிந்தார். தொழுகைக்குப் போனாலும் பையில் இருந்தன. "ஊசிய தூக்கிக் கெணத்துல போடுங்க" என்றாள் ஹபீபா. "அவனுக்குக் கால் போனது போனதுதான். நீங்க சொன்னா திரும்பியா வரப்போவுது?"

"கால் வராது. அவன் பேரு வரும்."

"நம்ம பேரு?"

அமீர் ஜான் பையிலிருந்த ஊசிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

துரைக்கண்ணு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் விறைத்த காலை நீட்டிப் படுத்திருந்தான். காத்தாயி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அமீர் ஜான் உட்காராமல் நின்றபடியே சொன்னார். ஊசியைக் காட்டினார். கையைக் காட்டினார். நோயின் பெயரையும் சொன்னார், முழுதாக, முதல் தடவையாக.

காத்தாயியின் கை முறத்தில் நின்றுவிட்டது. பிறகு எழுந்து வந்து கத்தினாள். "வெரல்ல தெரியலன்னு தெரிஞ்சும் எதுக்குய்யா ஊசியத் தொட்ட? எம் புருஷன் காலு இன்னா ஒனக்குச் சோதன பாக்கற கட்டையா?"

துரைக்கண்ணு அவளை அடக்கவில்லை. அவள் ஓய்ந்த பிறகு சொன்னான்: "பூ மாதிரி நிக்குதுன்னு சொன்னியே பாய்."

"சொன்னேன்."

"போ. எதிர்ல நிக்காத. போ."

அங்கிருந்து நேரே ராஜாங்கத்திடம் போனார். மரவாடியில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னார். துரைக்கண்ணு குடிக்கவில்லை, ஊசியைக் கெடுத்தது நான், காரணம் இது. ராஜாங்கத்தின் வாய் அன்றைக்கு மட்டும் குட்டையாகிவிட்டது. ஒரு அடி பின்னால் போனார். "சரி பாய், சரி. ரம்பத்த ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்" என்றார். எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவராக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில் அவருக்கு மட்டும் கொட்டாங்கச்சியில் கொடுக்காத குறை. மேல்மலையனூர் வரனும் நின்றுபோனது. ஹபீபா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. சோறு வைத்தாள், கட்டு மாற்றினாள், பேசவில்லை. முன்னிதான், "போனா போவுது அத்தா, அந்தப் பையனுக்கு எத்துப்பல்லு" என்றாள்.

சும்மா கிடந்த கொட்டகையில் அவர் உட்கார்ந்து யோசித்தார். மாத்திரையால் மரமரப்பு மேலே ஏறாமல் நின்றுவிட்டது. விரல் நுனிக்கு உணர்ச்சி வரவில்லை. சாயங்காலம் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் படிந்துவிட்டது. ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்துபோய், சைக்கிள் கடையில் ஒரு சக்கரக் கம்பி வாங்கி வந்தார். மெல்லிய பழைய கம்பி. ஒரு முனையைத் தட்டித் தட்டையாக்கி அரத்தால் தேய்த்தார். மறுமுனையில் கொடி மாதிரி ஒரு தகரத் துண்டைப் பற்றவைத்தார். அதையே திருப்புளியாக வைத்து, கெட்டுப்போன கார்புரேட்டர் ஒன்றில் புது ஊசியைத் திருகினார். ஊசி சுற்றும்வரை கம்பியின் அடியும் தகரமும் சேர்ந்து சுற்றின. ஊசி தொட்டதும் அடி நின்றுவிட்டது. கம்பி முறுக்கிக்கொள்ள, மேலே தகரம் மட்டும் கொஞ்சம் திரும்பியது; தொட்டது கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு இளைத்த கம்பியால் பித்தளையை நசுக்க முடியாது. ஊசியை எடுத்துப் பார்த்தார். வளையம் இல்லை. மறுபடி செய்தார். இல்லை. இடது கையாலும் செய்து பார்த்தார்.

செய்துவிட்டு என்ன, கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. தண்ணீர் பம்பு என்ஜினும் லாரி ரேடியேட்டரும் பார்த்துப் பிழைப்பு ஓடியது, அதுவும் வெளியூரார் கொடுத்ததால்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் மாட்டுவண்டி ஒன்று கொட்டகை முன்னால் நின்றது. துரைக்கண்ணு விறைத்த காலை முதலில் இறக்கி, பிறகு தான் இறங்கினான். பின்னால் கோணியில் மஞ்சக்காரி. ராஜாங்கம் அதை ஓரங்கட்டிவிட்டிருந்தார். துரைக்கண்ணு கேட்டு வாங்கி வந்திருக்கிறான். அவனை இப்போது மரத்தடியில் சேர்க்கிறார்கள். விழுந்த கட்டையைத் துண்டு போடுகிற வேலை மட்டும், நின்ற இடத்தில்.

அவன் ரம்பத்தைப் பலகைமேல் வைத்தான். "திண்டிவனத்துல ஒருத்தன் பாத்தான். அவனுக்கு இந்தக் கெழவியப் புரியல" என்றான். அமீர் ஜானின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஏன் கொண்டாந்த?"

"வேற எவன் இருக்கான்? ஒன்ன மன்னிச்சிட்டேன்னு வரல. நான் இங்கயே குந்திப் பாப்பேன். நீ செய்."

அமீர் ஜான் பெட்டியைத் திறந்து புது ஊசி ஒன்றைச் செருகிவிட்டு, கம்பியை எடுத்தார். துரைக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய் இது, காது குடையறதா?" என்றான்.

"பார்."

கம்பி சுற்றியது. நின்றது. தகரம் லேசாகத் திரும்பியது. துரைக்கண்ணு குனிந்து, மூக்கு கார்புரேட்டரில் இடிக்கிற அளவுக்குப் பார்த்தான்.

"இன்னொரு வாட்டி."

அமீர் ஜான் இன்னொருமுறை செய்தார். பிறகு ஒரு சுற்று திருப்பி விட்டு, கயிற்றை இழுத்துக் கிளப்பினார். கிளப்புமுன் நிறுத்துகிற பொத்தானையும் புதிதாகப் போட்டிருந்தார்; அதை அழுத்தி அணைத்துக் காட்டி, மறுபடி கிளப்பினார். "நல்லா சூடு ஏத்து" என்று துரைக்கண்ணு சத்தத்துக்கு மேல் கத்தினான். அமீர் ஜான் ஒரு வேலங்கட்டையை வைத்து, சைலன்சர் புகையும்வரை அறுத்தார். விரலை விட்டார். செயின் நின்றது.

துரைக்கண்ணு அப்போதும் நம்பவில்லை. ரம்பத்தை வாங்கி, கீழே கிடந்த ஒரு காகிதத்தை எடுத்துச் செயினில் செருகிப் பிடித்தான். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் அசையவில்லை. அவன் பிடித்துக்கொண்டே இருந்தான். மரவாடியிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள்.

கடைசியில் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, ரம்பத்தைத் தன் காலிலிருந்து தள்ளியே தூக்கி வண்டியில் வைத்தான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினான்.

"கைல ஏதோ கிழிச்சிருக்குது பார், ரத்தம் வருது" என்றான். "பாத்துக்க."

அமீர் ஜான் கையைத் திருப்பிப் பார்த்தார். தகரத்தின் ஓரம் கிழித்திருந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினார்.